குழம்பு வாளியும் 18 கிராம் ரோலரும்: ஒரு ஸ்கூட்டரின் நிகழ்வு ஆய்வு

தெஹிவளை மேம்பாலத்தில் ஏறும்போது முச்சக்கர வண்டிகள் எல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு தன்னைக் கடந்துபோகின்றன என்று சொல்லித்தான் அந்தத் தம்பி ஸ்கூட்டரை என் கராஜுக்குக் கொண்டுவந்தார். அவருடைய தாயார் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாட்டுப் பார்சல் செய்துகொடுப்பவர். 110 சி.சி. வண்டி, 58,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. பின்னால் கட்டிய பெட்டியில் 40 பார்சல், கால்மாட்டில் ஒரு குழம்பு வாளி. இந்தச் சுமையோடு காலி வீதியில் பதினொன்றரை மணிக்கு இறங்கினால் ஒன்றரைக்குள் எல்லா வாசலுக்கும் போய்ச் சேர வேண்டும்.

"வேறு வண்டிதான் வாங்க வேண்டுமா, தம்பி? உண்மையைச் சொல்லிவிடுங்கள்" என்று அவருடைய தாயாரான அக்கா தொலைபேசியில் என்னிடம் கேட்டார். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது ஏறிய விலை, 2025இல் கதவு திறந்த பிறகும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அதனால் இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு "ஆம்" சொல்லும் மெக்கானிக் நல்லவன் அல்ல. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

வண்டியைத் திறப்பதற்கு முன் அதன் கதையைக் கேட்பது என் வழக்கம். 2022இல் கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுத்த நாட்களில், பாரமான ரோலர் (பெல்டை ஓட்டும் முன்கப்பிக்குள் உருளும் சிறு எடை) போட்டால் பெற்றோல் மிச்சம் என்று யாரோ சொல்ல, 18 கிராம் ரோலர்களைப் போட்டிருக்கிறார்கள். வண்டி சோம்பிப்போனது. அப்போது தனியாள் ஓட்டம் என்பதால் சமாளித்தார்கள். பிறகு பார்சல் தொழில் தொடங்கியது, சுமை ஏறியது, இழுவை போதவில்லை. இன்னொரு கராஜில் பின்சில்லுக்குள் இருக்கும் கியர் சோடியை மாற்றி, இழுவை கூடிய சோடி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். சத்தம் கூடியது, மேம்பாலம் அப்படியே நின்றது. கடைசியாகக் கிடைத்த ஆலோசனை, பெல்ட் ஓடும் பின்கப்பியின் பெரிய ஸ்பிரிங்கைக் கடினமானதாக மாற்றச் சொல்வது. நல்லவேளை, அதற்குள் என்னிடம் வந்துவிட்டார்கள்.

இரண்டு பேர் இரண்டு இடத்தில் கை வைத்திருக்கிறார்கள், மூன்றாமவர் இன்னோர் இடத்தைக் காட்டியிருக்கிறார். ஒருவரும் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் ஓடுகிறது என்று பார்க்கவில்லை.

இங்கே அரை உலகம் தாண்டி ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் இருக்கும் என் மச்சான் பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் என்ற பனிமேல் ஓடும் வண்டி ஓட்டுபவர். கொழும்பில் வளர்ந்த எங்களுக்குப் பனி என்றால் ஐஸ் பெட்டிக்குள் படிவதுதான். ஆனால் அவர் ஒருமுறை தன் வண்டியின் பக்கத்து மூடியைத் திறந்து படம் அனுப்பியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, நடுவில் ஒரு பெல்ட். நான் நாள்தோறும் கழுவிப் பூட்டும் அதே பொருள், நான்கு மடங்கு பருமனில்.

வித்தியாசம் உண்டு. நம் ஸ்கூட்டரில் பெல்டை இரண்டு கப்பிகளும் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. வண்டியை நகர்த்துவது பின்னால் இருக்கும் தனிக் கிளச்சின் கட்டைகள். ஸ்னோமொபைலில் அப்படித் தனிக் கிளச் இல்லை. எஞ்சின் தண்டிலேயே இருக்கும் முன்கப்பி, சும்மா ஓடும்போது பெல்டை விட்டுவிடும். சுமார் 3,500 முதல் 4,500 சுற்றுக்குள் வந்ததும் இறுக்கிப் பிடிக்கும். நம்மிடம் பள்ளத்துக்குள் உருளும் ரோலர்கள். அவர்களிடம் பிணைச்சல் போட்ட எடைக்கைகள். நம்மிடம் பின்சில்லுக்குள் கியர் சோடி. அவர்களிடம் சங்கிலிப் பெட்டிக்குள் மேலொன்று கீழொன்றாக இரண்டு பல்சக்கரம். இவற்றை விட்டால் வேலை ஒன்றே: சுழலும் எடை முன்கப்பியை மூடப் பார்க்கிறது, பின்கப்பியின் ஸ்பிரிங்கும் சரிவுப் பள்ளமும் அதை எதிர்க்கின்றன, நடுவில் பெல்ட் ஏறி இறங்கி விகிதத்தை மாற்றுகிறது.

மச்சான் தன் முதல் குளிர்காலத்தில் செய்த தவறும் இதே தவறு. இழுவை போதவில்லை என்று மேல் பல்சக்கரத்தை 21 பல்லிலிருந்து 19க்கு மாற்றினார். கீழே 41 பல். விகிதம் 1.95 இலிருந்து 2.16 ஆனது, கிளம்பும்போது மட்டும் ஒரு குதி குதித்தது, அதன் பிறகு எல்லாம் பழையபடி. முழு அக்சிலேட்டரில் எஞ்சின் நிலைத்து ஓடும் சுற்று ஓர் அங்குலமும் அசையவில்லை. அவர்களுடைய வண்டிகளில் எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீற்றர் கண்முன்னே இருப்பதால் அது உடனே தெரிந்துவிடுகிறது. நம் ஸ்கூட்டரில் அந்த முள்ளே இல்லை. ஆகவே எல்லோரும் காதை நம்புகிறார்கள்.

பெல்ட் வண்டியில் கியர் விகிதம் இரண்டு முனைகளை மட்டுமே ஆளும். பெல்ட் நகரத் தொடங்குமுன் உள்ள முதல் சில மீற்றர், பெல்ட் முழுதாக ஏறி முடிந்த பிறகு உள்ள உச்ச வேகம், அவ்வளவுதான். இடைப்பட்ட முழுத் தூரத்திலும் எஞ்சினின் சுற்றை முடிவுசெய்வது முன்கப்பியின் எடையும் பின்கப்பியின் எதிர்ப்பும். வண்டி 20இல் இருந்து 45க்குப் போகும்போதும் எஞ்சின் ஒரே சுற்றில் நிற்கும், பெல்ட்தான் நகரும். கியரில் இழுவையைக் கூட்டினால் பெல்ட் அதற்கேற்ப முன்கூட்டியே மேலே ஏறி, நீங்கள் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. கொழும்பில் பார்சல் ஓட்டம் முழுவதும் அந்த இடைப்பட்ட தூரத்தில்தான் நடக்கிறது.

அளவெடுப்புக்கு ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை தினத்தின் அதிகாலை. மரைன் டிரைவில் கடற்காற்றைத் தவிர ஒருவரும் இல்லை. பிளக் வயரில் கம்பியைச் சுற்றிக் கட்டும் சிறிய டிஜிட்டல் டாக்கோமீற்றர், வேகத்துக்குக் கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். (வண்டியின் வேகமானி ஓட்டுபவரின் மனம் நோகாதபடி கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.) பெட்டிக்குள் பார்சலுக்குப் பதிலாக 25 கிலோ அரிசி மூட்டை. நின்ற நிலையிலிருந்து முழு அக்சிலேட்டர்; எஞ்சின் எத்தனை சுற்றில் நிலைக்கிறது, 40 கிலோமீற்றர் வேகத்துக்கு எத்தனை வினாடி என்று இரண்டையும் பார்த்தோம். எஞ்சின் நிலைத்தது 5,400 சுற்றில். 40ஐத் தொட 11.2 வினாடி. இந்த எஞ்சினின் உச்ச வலு 7,500 சுற்றில் என்று கைநூல் சொல்கிறது. அதாவது தம்பி அக்சிலேட்டரை முறுக்கி முறுக்கிக் கை வலித்தாலும், எஞ்சினுக்குத் தன் வலுவின் பக்கத்திலேயே போக அனுமதி இல்லை.

கப்பிகளைக் கழற்றுவதற்கு முன் இன்னொரு சின்ன வேலை. மூடியைத் திறந்து, முன்கப்பியின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்து, மூடிவிட்டு, உச்ச வேகம்வரை ஒருமுறை ஓடினால் போதும். பெல்ட் போன இடம்வரை கோடு அழிந்திருக்கும். மச்சான் கற்றுத்தந்த வித்தை. பத்து ரூபா வேலை. எங்கள் கோடு வெளி விளிம்புக்கு 5 மில்லிமீற்றர் உள்ளேயே அழியாமல் நின்றது. பெல்ட் முழுதாக ஏறவே இல்லை. கலிப்பர் வைத்துப் பார்த்தால் பெல்டின் அகலம் 16.9 மில்லிமீற்றர், புதியது 18.2. தேய்ந்து ஒடுங்கிய பெல்ட் முன்கப்பி முழுதாக மூடிய பிறகும் பள்ளத்துக்குள் தாழ்ந்தே நிற்கும். இதைப் பார்க்காமல் கியர் மாற்றியவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

முதல் நாள் புதிய பெல்ட், கப்பி முகங்களைக் கழுவித் துடைத்தது, வழுக்கிப்போயிருந்த கிளச் கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்தது, இவை மட்டும். வேறு எதையும் தொடவில்லை. சுற்று 5,450, 40க்கு 10.6 வினாடி. எதிர்பார்த்ததுதான். பெல்ட் உச்ச வேகத்தைத் திருப்பிக் கொடுத்தது, இழுவையை அல்ல.

இனி ரோலர். கழற்றிய ஆறு ரோலர்களையும் மேசையில் வைத்து உருட்டியபோது மூன்று உருளவில்லை, தத்தித் தத்தி நின்றன. ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டது. செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். தாலிக்கொடி நிறுக்கும் தராசில் எண்ணெய் வடியும் ரோலரை வைக்கவிட அவர் முதலில் சம்மதிக்கவில்லை. பெற்றோலில் கழுவி, பஞ்சில் துடைத்து, ஒரு வெள்ளைக் காகிதம் விரித்த பிறகே சம்மதித்தார். 16.9 முதல் 17.8 கிராம் வரை ஆளுக்கொரு எடை. சராசரி 17.4.

கணக்கு சுலபமானது. சுழலும் எடை வெளியே தள்ளும் விசை, எடையோடு நேராகவும் சுற்றோடு இருமடிப் பெருக்கமாகவும் கூடும். ஆகவே எடையைக் குறைத்தால், அதே விசையைப் பெற எஞ்சின் அதிகச் சுற்றுக்குப் போக வேண்டும். எடைகளின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் புதிய சுற்று கிடைக்கும். 14 கிராம் போட்டால் 6,076, 13 போட்டால் 6,305, 12 போட்டால் 6,563. பஞ்சிகாவத்தையில் நான்கு கடை ஏறி இறங்கியதில் 12ம் 14ம் கிடைத்தன, 13 இல்லை. அதனால் கெட்டுப்போவதற்கு ஒன்றுமில்லை. 12இல் மூன்று, 14இல் மூன்று, ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தால் கப்பிக்கு அது 13தான். அடுத்தடுத்து மட்டும் வைக்கக்கூடாது; ஒருபக்கம் பாரமாகி நடுங்கும்.

அளந்து பார்த்ததில் முறையே 6,000, 6,250, 6,500. கணக்குக்குச் சற்றுக் கீழே, ஆனால் ஒழுங்காகக் கீழே. 40க்கு 8.9, 8.1, 7.9 வினாடி. இந்த இடத்தில்தான் ஆசை பேசத் தொடங்கும். 7,500க்கே போனால் என்ன? கணக்குப்படி அதற்கு 9 கிராம் போதும். பந்தயத்துக்கு ஓட்டும் ஸ்னோமொபைல்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்: முழு அக்சிலேட்டரில் எஞ்சின் உச்ச வலுவின் சுற்றிலேயே ஆணியடித்தாற்போல் நிற்க வேண்டும், 100 சுற்று விலகினாலும் எடையில் கை வைப்பார்கள். ஆனால் அவர்கள் போவது திறந்த வெண்பரப்பில், உறைபனிக் காற்றில். இது பம்பலப்பிட்டிச் சந்தியில் 32 பாகை வெயிலில், பஸ்ஸின் புகைக்குப் பின்னால் காத்து நிற்கும் காற்றுக் குளிர்ச்சி எஞ்சின். 13க்கும் 12க்கும் இடையே 0.2 வினாடி, அது என் கட்டைவிரல் நேரமானியை அழுத்துவதில் செய்யும் பிழையைவிடக் குறைவு. 13இல் நிறுத்தினேன். தம்பிக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். இளரத்தம்.

வேலை முடிந்தது என்று நினைத்து மேம்பாலத்துக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் வண்டி எங்களை உட்கார வைத்தது.

அடியிலிருந்து முழு வேகத்தில் ஏறினால் பிரச்சினை இல்லை. 6,250இல் பாடிக்கொண்டு ஏறியது. ஆனால் ஏற்றத்தின் நடுவில் முன்னால் போகும் வாகனம் மெதுவானது, தம்பி அக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி முறுக்கினார், சுற்று 5,500க்கு விழுந்து அங்கேயே கிடந்தது. எழும்பவில்லை. அக்காவின் மகன் ஆரம்பத்தில் சொன்ன முறைப்பாடு இதுதான். நான்தான் அதைப் பொதுவான இழுவைக் குறை என்று கேட்டுக்கொண்டேன்.

அன்றிரவு மச்சானுக்கு எழுதினேன். அவருக்கு அப்போது காலை. "ஏறும்போது சரி, விட்டுப் பிடிக்கும்போது சரியில்லை என்றால் எடையைத் தொடாதே, பின்னால் பார்" என்று மட்டும் பதில் வந்தது.

பின்கப்பியின் இரண்டு தட்டுகளும் நேராகச் சேர்ந்து பிரிவதில்லை. நகரும் தட்டின் கழுத்தில் சரிவாக வெட்டிய பள்ளங்கள் உண்டு. அவற்றுக்குள் சிறிய ஊசிகள். சுமை கூடினால் பெல்ட் இழுக்கும் இழுப்பிலேயே தட்டு அந்தச் சரிவில் வழுக்கித் திரும்பி, பெல்டை இறுக்கி வெளியே தள்ளும். வண்டி தானாக இழுவை விகிதத்துக்கு இறங்கும். ஏற்றத்தில் விட்டுப் பிடிக்கும்போது காப்பாற்றுவது இந்தச் சரிவுதான். ஸ்னோமொபைலில் இதன் கோணத்தையே மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். கோணம் சிறிதானால் பெல்ட் மேலே போவது தாமதமாகும், கீழே திரும்புவது விரைவாகும்.

நட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை மெல்ல விடுவித்து, மூடிக்குழாயை இழுத்தபோது அது வரவில்லை. ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. உள்ளே கிறீஸ் என்று ஒன்று இல்லை. பெல்ட் தூளும் பழைய கிறீஸும் சேர்ந்து சப்பாத்துப் பொலிஷ் போலக் காய்ந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தேன். மூன்று பள்ளங்களிலும் ஒரே உயரத்தில், ஒரே பக்கத்தில், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு குழி. நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அந்த இடத்தில் தட்டுப்பட்டு நின்றது. ஊசியும் அங்கேதான் வந்து நின்றிருக்கிறது. மூன்று வருடம் பாரமான ரோலரோடு, எப்போதும் ஒரே குறைந்த சுற்றில், ஒரே விகிதத்தில் நாளெல்லாம் ஓடி, ஊசி தனக்கு ஒரு படுக்கை தோண்டிக்கொண்டது. விட்டுப் பிடிக்கும்போது தட்டு அந்தக் குழியைத் தாண்டித் திரும்ப வேண்டும், அதற்கு மனமில்லை.

நகரும் தட்டு, ஊசிகள், ரப்பர் வளையங்கள் மூன்றும் புதிது. கிறீஸ் அளவோடு, கூடினால் சுழற்சியில் வெளியே கசிந்து பெல்டை நனைக்கும், அதோடு எல்லா உழைப்பும் வீண். மறுநாள் மேம்பாலத்தின் நடுவில் விட்டுப் பிடித்தால் சுற்று ஒரு நொடி தயங்கி 6,200க்குப் போய் நின்றது.

முன்பு யாரோ சொன்ன கடின ஸ்பிரிங்கையும் ஆர்வத்துக்காக ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். சுற்று 200 கூடியது உண்மை. ஆனால் நான்கு ஓட்டம் ஓடி, எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து பின்கப்பியில் விரல் வைத்தால் வைத்திருக்க முடியவில்லை. பழைய ஸ்பிரிங்கில் வைத்திருக்க முடிந்தது. அந்தச் சூட்டுக்கான காசைப் பெல்ட் கொடுக்கும். கழற்றிவிட்டேன்.

கடைசியாக கியர். போட்டிருந்த சோடியின் மொத்தக் குறைப்பு 10.1, தொழிற்சாலைச் சோடி 9.0. பழையதைத் திரும்பப் போட்டால் கிளம்பும் இழுவையில் 11 சதவீதம் போகும் என்று தம்பி பயந்தார். பயம் நியாயமானது, முதல் சில மீற்றருக்கு. அளந்தால் 40க்கு 8.1 வினாடி 8.3 ஆனது. பதிலுக்கு, பெல்ட் முழுதாக ஏறிய நிலையில் 50 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் 5,060 சுற்றிலிருந்து 4,510க்கு இறங்கியது. நாள் முழுவதும் ஓடுபவருக்கு அந்த 550 சுற்று காதுக்கும் நல்லது, பெற்றோலுக்கும் நல்லது. மூன்று முறை தாங்கி நிரப்பிக் கணக்குப் பார்த்ததில், லீற்றருக்கு 33 கிலோமீற்றர் ஓடிய வண்டி 41 ஓடியது. பெற்றோலை மிச்சம் பிடிக்கப் போட்ட பாரமான ரோலர்தான், அக்சிலேட்டரை எப்போதும் முழுதாகத் திறக்க வைத்துப் பெற்றோலைக் குடித்திருக்கிறது. கியர் சோடிக்கு முன்பு கொடுத்த காசு, இந்த முறை மாற்றிய எல்லா உதிரிப்பாகங்களின் விலையையும் விடக் கூட. அதை அக்காவிடம் சொல்வதா என்று யோசித்தேன், சொன்னேன். "போனது போகட்டும்" என்றவர், அந்தச் சோடியை ஒரு பையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். யாருக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும்.

வண்டியை எடுத்துப்போன மூன்றாம் வாரம் தம்பி மறுபடி வந்தார். சித்திரை விடுமுறைக்கு நண்பர்களோடு நுவரெலியா போகலாமா என்று கேட்டார். நுவரெலியா 1,868 மீற்றர், 6,128 அடி. ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் எஞ்சின் தன் வலுவில் ஏறக்குறைய 3 சதவீதத்தை மெலிந்த காற்றுக்குக் கொடுத்துவிடும். மேலே போய்ச் சேரும்போது 18 சதவீதம் போயிருக்கும். கடல் மட்டத்தில் சரியாக இருந்த ரோலர் அங்கே பாரமாகிவிடும், சுற்று மறுபடி விழும். உயரமான மலைகளுக்குப் போகும் ஸ்னோமொபைல்காரர்கள் எடையைக் குறைத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

பஞ்சிகாவத்தையில் வாங்கியதில் மீந்துபோன 12 கிராம் ரோலர் மூன்று என் லாச்சிக்குள் இருந்தன. 14 மூன்றையும் கழற்றி அவற்றை வைத்தால் ஆறும் 12. முக்கால் மணி நேர வேலை. "பின்பெட்டியைக் கழற்றிவிட்டுப் போ, இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வராதே, வந்ததும் 14ஐ மாற்றிக்கொள்" என்றேன். ரோலர்களை மாற்றி முடித்ததும், கழற்றிய மூன்றையும் மருந்துப் போத்தல் ஒன்றில் போட்டு, மூடியில் மார்க்கரால் "கொழும்பு" என்று எழுதிக் கொடுத்தேன்.